பதினோரு நாள்

— அஞ்சு நிமிஷம் குடுக்கா. வந்துடுறேன்.

— இதோட மூணாவது அஞ்சு நிமிஷம். திற. கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரியுது.

— திறந்துதான் இருக்கு. தள்ளு.

— என்ன ரூம்டீ இது, எங்க பார்த்தாலும் போஸ்டர் சுருளா இருக்கு? மொட்டைமாடியில அத்தனை பேர் கையில தட்டோட டைரக்டர் எங்க, டைரக்டர் எங்கன்னு தேடுறாங்க. டைரக்டரம்மா இங்க மடக்கு நாற்காலிக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கீங்க.

— நீ வருவேன்னு எனக்குத் தெரியாதுக்கா.

— தெரிஞ்சிருந்தா?

— இந்த விழாவுக்குப் படத்தையே அனுப்பியிருக்க மாட்டேன்.

— அதனாலதான் சொல்லல. இந்தா, ஜூஸ் குடி. கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு ஒருத்தர் வந்து என்கிட்ட, ‘வித்தியாசமான முயற்சி’ன்னார்.

— போச்சு. அப்படின்னா அவருக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்.

— ஐயையோ, நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டேனே!

— விளையாடாதக்கா. திட்டுறதுன்னா திட்டிடு. மூணாவது வரிசையில உன்னைப் பார்த்தப்புறம் மேடையில என்ன உளறினேன்னே தெரியல.

— ஒண்ணும் உளறல. லைட் போட்டவருக்கு மட்டும் ரெண்டு தடவை நன்றி சொன்ன.

— உன் கதையை உன்கிட்ட கேக்காம எடுத்துட்டேன். பேரை மாத்தினேன், வேலையை மாத்தினேன். ஆனா உன் கதைதான்.

— மருந்துக்கடைக்காரியை டீச்சராக்கினா எனக்குத் தெரியாதா? மூணு மாசக் குழந்தையைத் தங்கச்சி கையில குடுத்துட்டு, இதோ கடைக்குப் போயிட்டு வர்றேன்னு பஸ் ஏறிப் பதினோரு நாள் காணாமப் போனவ எத்தனை பேர் இருப்பா?

— கோபமா?

— ஒரே ஒரு இடத்துல. அந்தப் பொண்ணு லாட்ஜ்ல உக்காந்து அழுதுக்கிட்டே இருக்காளே, எவ்வளவு நேரம்டீ அது?

— எட்டு நிமிஷம்.

— நான் ஒரு சொட்டு அழல. தூங்கினேன். எழுந்து பிஸ்கட் தின்னேன், மறுபடி தூங்கினேன். என்னைக்கோ ஒருநாள் பக்கத்து ரூம்ல யாரோ குளிக்கிற சத்தம் கேட்டுச்சு. நாமும் குளிக்கலாமேன்னு தோணுச்சு. குளிச்சப்புறம்தான் வீட்டு ஞாபகமே வந்துச்சு.

— இதை நீ சொன்னதே இல்லையேக்கா.

— நீ கேட்டதே இல்லையே. மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரின்னு ஊருக்குச் சொன்ன பொய்யை நமக்குள்ளயும் அப்படியே வெச்சுக்கிட்டோம். சரி, இப்ப நான் கேக்குறேன். குழந்தை பாட்டில் பாலைத் துப்புது. அந்தத் தங்கச்சி அக்காவோட துவைக்காத நைட்டியை எடுத்துப் போட்டுக்கிட்டு, அந்த வாசனைக்காவது குடிக்காதான்னு விடிய விடிய நடக்குறாளே. அது கற்பனையா?

— இல்ல.

— மறுநாள் பரீட்சைக்குப் போகாதது?

— அதுவும் நடந்ததுதான்.

— நீ ஃபெயிலாயிட்டேன்னுதானேடீ அப்பா சொன்னார்! ‘ஃபெயில் மகாராணி’ன்னு எத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?

— விடியுற நேரத்துல பாப்பா முழு பாட்டிலையும் குடிச்சுட்டாக்கா. குடிச்சுட்டு என் மேலயே தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. பரீட்சையெல்லாம் எனக்கு அப்ப பெருசாவே தெரியல.

— கிட்ட வா. இன்னும் கிட்ட வா. மூக்கைத் துடை, என் தோள்லயே துடை.

— நீதான் அழுற.

— அழுதுட்டுப் போறேன். பதினாறு வருஷம் கழிச்சு அழுறேன், தடுக்காத.

— அக்கா, இன்னொண்ணு. மொட்டைமாடியில வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் நிக்கிறார். அடுத்த மாசம் அவங்க நடத்துற பெரிய விழாவுல இதைத் தொடக்கப் படமாப் போடணுமாம். பதில் சொல்ல பயந்துதான் இங்க வந்து ஒளிஞ்சேன். நீ வேண்டாம்னு சொல்லு, இன்னையோட பெட்டியில வெச்சுப் பூட்டிடுறேன்.

— எதுக்குப் பூட்டணும்? போடச் சொல்லு.

— உன் பொண்ணு? பேப்பர்ல எல்லாம் வருமேக்கா. அம்மா என்னை விட்டுட்டுப் போனாளா சித்தின்னு அவ வந்து நின்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பதில் சொல்வேன்? அவளுக்காகத்தானே இத்தனை வருஷம் வாயைத் திறக்கல? என்னக்கா, எதுக்குச் சிரிக்கிற?

— அவளுக்குப் பன்னிரண்டு வயசு ஆனப்பவே நான் சொல்லிட்டேன்டீ. இன்னைக்கு டிக்கெட் எடுத்து என்னைக் கூட்டிட்டு வந்ததே அவதான். போய்ப் பாரு, உன் வெள்ளைச் சட்டைக்காரரை மடக்கி வெச்சுக்கிட்டு, ‘அந்தக் குழந்தை நான்தான் சார்’னு பெருமையடிச்சுட்டு நிக்கிறா.