மாமனாரின் ஒன்பது நிமிடம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் விவரம் முழுக்க என் ஐந்து கம்ப்யூட்டர் பெட்டிகளில் இருக்கிறது. எல்லாம் மற்ற அறைகளில் தேறாது என்று கழித்துக் கட்டியவை. ஒன்றுக்கு மூடி கிடையாது, இன்னொன்றின் விசிறியைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். புதுசு வாங்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. வரவேற்பறைக்கு மீன்தொட்டி வாங்க மட்டும் தாராளமாக வந்தது. ஐந்தையும் ஒன்றாகக் கோத்தேன். ஒரே விவரம் ஐந்திலும் பதியும். இரண்டு விதமாகப் பதிந்தால், நேரத்தில் பிந்தியது ஜெயிக்கும். பெட்டிகளுக்குள் பேச்சு மாறினால், மூன்று சொல்வதே உண்மை. எங்கள் குடும்பத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இருப்பதிலேயே பழைய பெட்டிக்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தேன். அதன் கடிகாரம் ஒன்பது நிமிடம் முந்தி ஓடும். மாமனாரைத் திருத்த எந்த மருமகனுக்குத் துணிச்சல் உண்டு? தவிர, திருத்தினால் ஐந்தையும் ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். நிற்காமல் ஓடி நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அறைக் கதவில் அந்த எண்ணைத் தினமும் சாக்பீஸால் மாற்றி எழுதுவேன்.

அன்றைக்குத்தான் குழந்தைகள் வார்டு நர்ஸ் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் மாத்தி அடிச்சது கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணிக்கம்மா," என்றேன். கோளாறு மாமனாரிடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த வாரம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தியைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். பத்து ஐந்துக்கு வரவேற்பறையில் 'அலர்ஜி இல்லை' என்று பதிந்தார்கள். அது மாமனார் வழியாகப் போனதால் பத்து பதினான்கு என்று விழுந்தது. பத்து பத்துக்கு நர்ஸ், தாயிடம் விசாரித்து, 'பென்சிலின் ஆகாது' என்று வேறு பெட்டி வழியாகத் திருத்தினாள். பத்து பெரிதா, பதினான்கு பெரிதா? ஐந்தும் ஏகமனதாக மாமனார் பக்கம் நின்றன. டாக்டர் திரையைப் பார்த்துத்தான் ஊசி போட்டார். மதியத்துக்குள் குழந்தை போய்விட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று கதவில் எண்ணைத் தாமதமாகவே மாற்றினேன்.

நர்ஸ், "நான் அடிச்சேன், சத்தியமா அடிச்சேன்" என்று அழுதாள். திரையில் தோற்றுப்போனாலும், அவள் அடித்த தடம் ஐந்திலும் இருந்தது. மூன்றில் அழித்தேன். மீதி இரண்டையும் அந்த மூன்றே திருத்திக்கொண்டன. அந்த இரண்டில் என் விரல் படவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை நீங்கள் உள்ளே வைத்து இருபத்தெட்டு நாள் ஆகிறது.

நேற்று உங்கள் நிபுணர் வந்து, பெட்டிகளை நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அதனால்தான் நானே நடந்து வந்தேன். அந்தக் குழந்தையைக் கொன்றது நான். தடத்தை அழித்ததும் நான். நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி எதையும் நிறுத்த வேண்டியதில்லையே, சார்? இன்றைக்கு நானூற்று நாற்பத்தேழாவது நாள்.