பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வாக்கிங்

உறையூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, மைக்கை எப்போது பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பொங்கல் விழாக் குழுவினரே... ஒரு முக்கிய அறிவிப்பு. பல்லாண்டுக் காலம் போக்குவரத்துத் துறையில் ஊதி ஊதி உழைத்த ஒரு விசில், சென்ற மாதம் பணி ஓய்வு பெற்றது. மாலை இல்லை, சால்வை இல்லை. எங்கள் மாமா வீட்டு ஹாலில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அமைதியாகத் தொங்குகிறது.

சிரிக்காதீர்கள். அது ஏன் ஆணிக்குப் போனது என்பதில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. அந்தப் பானை பொங்குவதற்குள் முடித்துவிடுகிறேன், கேளுங்கள்.

என் தாய்மாமா நாகரத்தினம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களில் பாதிப் பேரை "உள்ள போ, உள்ள போ" என்று அதட்டியவர். போன வருடம் அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் ஜெசிந்தா சொன்னார்: "மாத்திரை, உப்பு கம்மி, தினம் வாக்கிங்." மாமா ஒன்றையும் விடவில்லை. உப்பில்லாத ரசத்தை அவர் குடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே... செக்கிங்கில் மாட்டிய ஆள் மாதிரி இருக்கும்.

ஆனால்... நெஞ்சு இறுக்கம் மட்டும் போகவில்லை. வாக்கிங் போய்விட்டு வந்தால், நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். டாக்டருக்கும் குழப்பம். "இப்படியே இருந்தா மறுபடி ஆஞ்சியோ பண்ணிப் பாக்கணும்" என்றார். அன்றைக்கு மாமா வாயே திறக்கவில்லை. பேசாத கண்டக்டரை நீங்கள் பார்த்ததுண்டா? பயமாக இருக்கும்.

வளர்மதி அத்தைக்கு ஒரு சந்தேகம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டேய் கபிலா, உங்க மாமா வாக்கிங்னு போய் போண்டா திங்கிறாருடா. கையும் போண்டாவுமா பிடிச்சுட்டு வா."

"பிடிச்சா எனக்கு என்ன அத்தை கிடைக்கும்?"

"உங்க மாமா கிடைப்பாரு. போதுமா?"

மறுநாள் காலை மாமா முன்னால், நான் பின்னால். எங்கே போனார்? பார்க்குக்கா? இல்லை. ஆற்றோரமா? இல்லை. நேரே பஸ் ஸ்டாண்டு. அத்தனை பஸ்ஸும் உறுமிக்கொண்டு நிற்கும் நேரம். ஸ்டாண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. இன்னொரு ரவுண்டு. டீக்கடை வந்தது... மாமா போண்டாவைப் பார்த்தார்... போண்டா மாமாவைப் பார்த்தது... தாண்டிப் போய்விட்டார். எனக்கே ஏமாற்றம்.

அப்போது ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது. மாமா சட்டைப் பையில் கையை விட்டார். விசில். பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வா... வா... லெஃப்ட்ல ஒடி... வரலாம் வரலாம்... ஹோல்டான்." அது முடிந்ததும் அடுத்த பஸ். டிரைவர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க நின்னாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்கிறார்கள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊதிவிட்டு ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறார்... புகைக்குழாய்க்கு நேரே நின்று எதை இழுப்பார்? வெளியே போவது விசில். உள்ளே போவது கரி.

நான் விடுவேனா? துப்பறிந்தேன். போனில் படம் பிடித்தேன். படம் டாக்டருக்குப் போனது. இந்த மூளையைப் பள்ளிக்கூடம்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

டாக்டர் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மாமாவை வரச் சொல்லி, "ஐயா, நாங்க வழி விட்டு வெச்சிருக்கோம். நீங்க தினம் போய்ப் புகைய ஏத்திக்கிட்டு வர்றீங்களே" என்றார்.

மாமா கேட்டார்: "புகை நுரையீரலுக்குத்தானேம்மா ஆகாது? எனக்கு ஹார்ட்டுல்ல?"

நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்?

"அதுல இருக்கிற தூசி கண்ணுக்கே தெரியாதுங்க. நுரையீரல்ல இறங்கி ரத்தத்துல ஏறிடும். ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் கூடும், ரத்தம் கட்டி தட்டப் பாக்கும். நல்ல இதயமே கஷ்டப்படும். உங்களது ஏற்கெனவே அடி வாங்கினது."

மாமா யோசித்தார். "ஃபுட்போர்டு வரைக்கும் தொங்குற பஸ்ல இன்னும் நாலு பேர ஏத்துற மாதிரி..."

"அதேதான்."

ஈசிஜி எடுத்தார்கள். மாத்திரையை விடக் கூடாது, நடக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்றார்கள். இப்போது மாமா மெயின் ரோட்டை விட்டு, மரம் இருக்கிற உள் தெருக்களில் நடக்கிறார். இறுக்கம் குறைந்தது. போன வாரம் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆஞ்சியோ இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அதோ பாருங்கள், கோலப் போட்டிக் கூட்டத்தை "உள்ள போ, உள்ள போ" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கவே சுகமாக இல்லை?

இதில் நமக்கு என்ன சேதி? இதயத்துக்கு எண்ணெயும் உப்பும் மட்டும் பகை இல்லை. தினம் தினம் நாம் விடுகிற புகையும் பகைதான். பள்ளிக்கூட வேன் வாசலில் நின்றபடியே உறுமுகிறதே... யார் ஜன்னலுக்குக் கீழே? குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிறோமே... யார் நெஞ்சுக்குள்ளே? ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? வண்டி நின்றால் இன்ஜினையும் நிறுத்துங்கள். குப்பையைக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள், நெருப்புக்குக் கொடுக்காதீர்கள். நெஞ்சை இறுக்கினால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம் என்று இப்போதே இறங்கிவிடலாம்தான்... ஆனால் முன் வரிசையில் அத்தை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற பார்வை சரியில்லை. சரி அத்தை, சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மாமா விசில் ஊதுவதை ரீல்ஸ் போட்டுச் சிரிக்கலாம் என்றுதான் எடுத்தேன். புகையில் மாமா முகமே தெரியவில்லை, படம் வீண் என்று அழிக்கப் போனேன். பிடுங்கிப் பார்த்த அத்தைதான், "ஏன்டா, இந்தப் புகைக்குள்ளயா நிக்கிறாரு?" என்று கேட்டார். போனை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடியதும் அத்தைதான்.

நானும் கூடவே ஓடினேன்... போனைத் திருப்பி வாங்க.