கார் பேந்து வரும்

பிள்ளைகளே, போன மாரியில் சென்ட் லோரன்ட் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் மடியில், பழைய அமெரிக்கக் கார்களின் வேகத்தைக் கூட்டும் காபரேட்டர் ஒன்று.

"இஞ்சரும், இது லேசிலை கிடைக்காத சாமான்."

"கார் எங்கை?"

"முதல்லை இது, கார் பேந்து வரும்."

"அப்ப இதுவும் பேந்து வரட்டும். வீட்டுக்குள்ளை ஏத்தமாட்டன். கதிரையிலை உங்கடை ஸ்டியரிங் இருக்கு, நான் நிக்கிறன்."

பாரத்தில் கால் நொந்து, அவர் அதைத் தரையில் வைக்கக் குனிந்தார். தரையெல்லாம், பனி உருகத் தெருவில் போடும் உப்பு சப்பாத்துகளோடு வந்து கரைந்த தண்ணீர்.

"ஐயோ, உப்பு அரிச்சுப்போடும்! இஞ்சை தாங்கோ."

மனைவி அதை வாங்கி, தன் சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது கணவர் கை நீட்டினார்.

"விடுங்கோ, விழுத்திப்போடுவியள்."