நல்லெண்ணெய் பூசின ரப்பர்

கஜந்தி: மாமா, பிழை உங்களுடையது எண்டு சொல்லுங்கோ. பேர்பெச்சுவா அக்காவுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ.

மாமா: இதைக் கேக்கச் சொல்லி ஆர் அனுப்பினது... கொம்மாவோ?

கஜந்தி: அம்மா கேக்கவே கூடாதெண்டு சொல்லி வளர்த்தவ. மாமாவிட்டைச் சப்பாத்துக் கேள், சைக்கிள் கேள், பிழையை ஒத்துக்கொள்ளச் சொல்லி மட்டும் கேட்டிடாதை, எங்களை ஜெர்மனிக்கு, இந்த வுப்பர்டாலுக்குக் கூப்பிட்டுவிட்ட மனிசன் எண்டு.

மாமா: கொம்மா விவரமானவள். அந்த ஸ்க்ரூடிரைவரை இஞ்சாலை நீட்டு.

கஜந்தி: முதல் சொல்லுங்கோ.

மாமா: என்னத்தைச் சொல்லுறது? அவவின்ரை வண்டி எழுபத்தெட்டாம் ஆண்டு மோட்டார்சைக்கிள். இருபத்தேழு வயது, உன்னைவிட ஒரு வயது மூப்பு. ஏத்தத்திலை நிண்டு போறது அதின்ரை உரிமை.

கஜந்தி: சும்மா நிக்கேல்லை. பிஸ்டன் சிலிண்டரோடை இறுகிப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டிக் கிளப்காரர் நாப்பது பேர் பின்னாலை வர, ஏத்தத்தின்ரை நட்டநடுவிலை. அக்கா பாவம், ஹெல்மெட்டோடையே வீதிக்கரையிலை இருந்து செபம் சொன்னவ.

மாமா: இது டூ ஸ்ட்ரோக். பெற்றோலோடை எண்ணெய் கலந்து ஊத்தோணும். அவ குறைச்சுக் கலந்திருப்பா.

கஜந்தி: கலந்து ஊத்தினது நான். அளவுக் குவளையாலை.

மாமா: அப்ப நீ குறைச்சுக் கலந்திருப்பாய்.

கஜந்தி: பாத்தீங்களோ... இதைத்தான் அண்டைக்கும் செய்தனீங்கள். நாப்பது ஜெர்மன்காரருக்கு முன்னாலை, கார்புரேட்டர் ரப்பர் பூட்டினது என்ரை மருமகள், யூனிவர்சிட்டியிலை படிச்ச பிள்ளை, கைப்பழக்கம் இல்லை எண்டு சொன்னனீங்கள்.

மாமா: படிச்ச பிள்ளை எண்டு பெருமையாத்தானே சொன்னனான்.

கஜந்தி: எங்கடை குடும்பத்திலை முதன்முதல் பட்டம் எடுத்தது நான். எஞ்சினைப் பற்றியே ஆறு வருஷம் படிச்சனான். அந்த ரப்பரை நான் தொட்டும் பாக்கேல்லை. இனி அந்தக் கிளப்பிலை ஒருத்தன் தன்ரை வண்டியை என்னை நம்பி விடுவானோ?

மாமா: விடாட்டில் என்ன... என்னை நம்பி விடுவாங்கள்.

கஜந்தி: அதுதான் மாமா கேவலம்.

மாமா: வாய்... வாய். கொப்பரும் இப்பிடித்தான். சரி, பிஸ்டனும் சிலிண்டரும் புதுசு போட்டாச்சு, இனி இந்தப் புது ரப்பரைப் பூட்டுவம். பிறகு ஆறுதலா இருந்து திட்டு.

கஜந்தி: கழட்டின பழசைப் பாத்தனீங்களோ?

மாமா: பாத்தன். கொஞ்சம் பொம்மியிருக்கு.

கஜந்தி: கொஞ்சமோ? தயிருக்கை ஊறின வடை மாதிரிக் கிடக்கு. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைச்சுப் பிடிக்கிற சாமான் அது. கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்குது. அந்த இடுக்காலை காத்துப் போகும். காத்துக் கூடினா உள்ளுக்கை பெற்றோலும் எண்ணெயும் காணாது. எஞ்சின் கொதிக்கும், இறுகும். இந்தாங்கோ, மணந்து பாருங்கோ.

மாமா: ரப்பரை ஏன் ஒரு மனிசன் மணப்பான்?

கஜந்தி: நல்லெண்ணெய் மணக்குது மாமா.

மாமா: அந்தத் துணியை இஞ்சாலை தா, கை துடைக்க.

கஜந்தி: வுப்பர்டாலிலை நல்லெண்ணெய் பூசி ரப்பர் பூட்டுற மெக்கானிக் எத்தினை பேர் இருக்கினம்?

மாமா: விறைச்ச ரப்பர் லேசா ஏறோணுமெல்லோ. கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான் விடுறன், என்ரை முழங்காலுக்கும் அதுதான் பூசுறன். இண்டைவரைக்கும் ஒரு குறையும் வரேல்லை.

கஜந்தி: முழங்கால் ரப்பர் இல்லை. இது எண்ணெய் குடிச்சுப் பெருக்கிற சாதி. சுடுதண்ணியிலை அஞ்சு நிமிஷம் கிடந்தால் தானா இளகும். கெற்றில் கொதிச்சுப்போச்சு, கொண்டுவாறன்.

மாமா: அது நாங்கள் தேத்தண்ணி போடுற கெற்றில்.

கஜந்தி: பேணிக்கைதான் ஊத்துறன், பயப்பிடாதையுங்கோ... ம், இப்ப எடுங்கோ. துணியாலை பிடியுங்கோ, சுடும். முதல் எஞ்சின் பக்கம். நேரா... கொஞ்சம் திருப்பித் திருப்பித் தள்ளுங்கோ.

மாமா: ஏறுதடி... ஏறீட்டுது. அட, இவ்வளவுதானோ?

கஜந்தி: இவ்வளவுதான். அந்த இடக்கை எங்கை போகுது?

மாமா: எங்கையும் போகேல்லை.

கஜந்தி: போத்திலைக் கீழை வையுங்கோ மாமா.

மாமா: பழக்கத்திலை போகுதடி கை. நான் போகச் சொல்லேல்லை.

மாமி: இஞ்சரப்பா, என்ரை நல்லெண்ணெய்ப் போத்தில் இந்தக் கராஜுக்கையோ கிடக்கு? மூண்டு கிழமையா மேலை வீடு முழுக்கத் தேடுறன். கத்தரிக்காய் பொரிச்சது சூரியகாந்தி எண்ணெயிலை.

மாமா: அதுதான் வாயிலை வைக்க முடியாமல் இருந்தது.

மாமி: எடுத்தது நீங்கள், குறை எனக்கோ? பிள்ளை, நீ ஏன் முகத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு நிக்கிறாய்?

கஜந்தி: மாமா உண்மையைச் சொல்லோணும் மாமி. சொல்லாட்டில் நான் இந்த ஊரை விட்டு லைப்சிக் நகரத்துக்குப் போறன். எஞ்சின் சோதிக்கிற வேலை ஒண்டு இருக்கு, அவை என்னைக் கேட்டிருக்கினம்.

மாமா: போறவள் இவ்வளவு சத்தம் போடமாட்டாள்.

கஜந்தி: போவன். 'பிழை என்ரை', ரெண்டே ரெண்டு சொல்லு. அது வராட்டில் நான் ஏன் இஞ்சை நிக்கோணும்?

மாமா: கிளிப்பை இறுக்கு.

கஜந்தி: கதையை மாத்தாதையுங்கோ.

மாமி: பொறு, பொறு... எந்த உண்மை? இந்த நல்லெண்ணெய்க் கதையோ? அதுதான் வியாழக்கிழமையே சொல்லிப்போட்டாரே.

கஜந்தி: ஆரிட்டை?

மாமா: மலர், நீ மேலை போய்ச் சோத்தைப் பார்.

மாமி: சோறு எப்பவோ வடிச்சாச்சு. இப்பத்தான் பேர்பெச்சுவா போன் எடுத்துச் சிரி சிரியெண்டு சிரிக்கிறா. வியாழக்கிழமை பல்லு டொக்டரிட்டை டெர்மின், நேரம் குறிச்சிருக்கு எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, கிளப்காரர் கூடுற பியர்க்கடைக்கு இவர் போயிருக்கிறார். அவவும் அங்கை இருந்தவவாம். 'பரராசசிங்கம் அண்ணை கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பி நிண்டார்' எண்டு சொல்லுறா. ரப்பர் பூட்டினது நான், மருமகள் தொடேல்லை, எள்ளெண்ணெய் பூசினன், பிழை என்ரை எண்டு தன்ரை ஜெர்மனிலை சொன்னவராம்.

கஜந்தி: எல்லாருக்கும் முன்னாலையோ?

மாமி: எல்லாருக்கும் முன்னாலை. எஞ்சினுக்கும் எள்ளுக்கும் என்ன சம்பந்தம் எண்டு அவைக்கு விளங்கப் பத்து நிமிஷம் எடுத்ததாம். விளங்கின உடனை அத்தினை பேரும் மெச்சி மேசையிலை தட்டினவையாம். இனிமேல் எங்கடை வண்டியளுக்கு மருமகளே ரப்பர் பூட்டட்டும் எண்டும் சொல்லிப்போட்டினமாம்.

கஜந்தி: மாமா...

மாமா: அந்தக் கிளிப்புக்கு அரைச் சுத்துக் காணும். கூட இறுக்கினா ரப்பரை வெட்டிப்போடும்.

கஜந்தி: ரெண்டு நாளா உங்களோடை கத்திறன். சொல்லீட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

மாமா: நாப்பது பேருக்குச் சொல்லலாம். அவங்கள் சிரிச்சுப்போட்டு மிச்சப் பியரைக் குடிப்பாங்கள். உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுறது... அது வேறை வேலை.

கஜந்தி: இப்ப சொல்லுங்கோ.

மாமா: என்ரை பிழைதான் பிள்ளை. உன்ரை பேரை இழுத்திருக்கக்கூடாது.

மாமி: எனக்கு முப்பது வருஷத்திலை ஒருநாளும் இது கிடைக்கேல்லை.

மாமா: நீ சும்மா இரு மலர். கஜந்தி, வண்டியை ஒருக்கா உதை பாப்பம்... ம். அந்த ஸ்பிரேயை ரப்பரைச் சுத்தி அடி. எங்கையாவது காத்து இழுத்தால் சத்தம் மாறும்.

கஜந்தி: மாறேல்லை.

மாமா: மாறேல்லைத்தான். தாலாட்டுப் போலை ஓடுது. நிப்பாட்டு. திங்கட்கிழமை அந்தப் பச்சை வண்டியைத் திறப்பம், நீயே பூட்டு. நான் பக்கத்திலை கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன்.

மாமி: அப்ப லைப்சிக் கதை முடிஞ்சுது. மேலை வாங்கோ, சாப்பிடுவம்... என்ன பிள்ளை, பையைத் தூக்குறாய்?

கஜந்தி: எனக்கு ரயில் இருக்கு மாமி. லைப்சிக்கிலை அறை பாக்கப் போறன்.

மாமா: என்ன அறை? நீ கேட்டதைத்தானே செய்தனான். கேக்கிறதுக்கு முதலே செய்துபோட்டன்.

கஜந்தி: ஓம் மாமா. ஆனா அந்த வேலைக்கு நான் கையெழுத்துப் போட்டது, அக்கான்ரை வண்டி இறுகினதுக்கு ரெண்டு நாள் முதல். உங்களிட்டைச் சொல்ல வாய் வரேல்லை. நல்லாச் சண்டை பிடிச்சுப்போட்டுப் போனா லேசா இருக்கும் எண்டு நினைச்சிருந்தன்... நீங்கள் அதையும் கெடுத்துப்போட்டியள். போட்டு வாறன்.