ஜெர்மனிக்குப் போகாத சாம்பிள்

கூடிப் பேசவே கூசிய ஒரு குறைக்குக் கூட்டம் கூட்டி, தலைமையும் ஏற்றிருக்கும் மருத்துவர் அனுசுயா அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்திருக்கும் பெரியவர்களே! முதலிபாளையத்துத் தையல் பிரிவுகளிலிருந்து ஷிப்டு முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! மண்டபத்துக்கு வெளியே நின்று, 'இது நமக்கில்லை' என்பதுபோல் காதை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கும் ஆண் சிங்கங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இந்தச் சிவசுப்பிரமணியம் மேடையேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஏன்? தமிழ் தீர்ந்ததா? தொண்டை தளர்ந்ததா? இல்லை, அன்பர்களே! புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின், சிறுநீர் என் சொல்லைக் கேட்க மறுத்தது. ஆயிரம் பேரை அசையாமல் உட்கார வைத்தவன், ஒரு தும்மலுக்கு அஞ்சினேன். கொமரலிங்கத்துத் திருவிழாவில் பாதிப் பேச்சில் வேட்டி நனைந்தது. சோடா கவிழ்ந்துவிட்டது என்று சொல்லி இறங்கியவன்தான். மேடையில்லாமல் எனக்கு வாழ்வேது? வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

என் துணைவி சின்னாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க, ஊரு உலகத்துக்கெல்லாம் ஜட்டி தைக்கறோம். உங்களுக்கு ஒண்ணு தைக்க வழியில்லீங்களா?"

கேட்டாளே கேள்வி! ஆனால் என் பனியன் கம்பெனியிலேயே இதை எந்த வாயால் சொல்வேன்? நம் திருப்பூரில் எதையும் கேட்க ஒரு சொல் போதும்: சாம்பிள்! ஆர்டர் தரும் பையர் மாதிரிக்கு ஒன்று கேட்கிறார் என்றால் மறுகேள்வி இல்லை. தையல் பிரிவு முத்துப்பேச்சியை அழைத்தேன். "ஜெர்மனி பையர் ஒருத்தர் கேக்கறாருங்க அம்மிணி. உள்ளுக்குள்ள நாலு மடிப்புத் துணி. ஈரம் உறிஞ்சோணும், வெளிய தெரியப்படாது. சைஸ் நூத்தஞ்சு."

சிரிக்காதீர்கள்! என் இடுப்பையும் பார்க்காதீர்கள்! அன்று முத்துப்பேச்சியும் அதைத்தான் பார்த்தார்.

மறுநாள் சாம்பிளை மேசையில் வைத்த முத்துப்பேச்சி நகரவில்லை. "மொதலாளி, அந்த ஜெர்மனிக்காரர்ட்ட கேட்டு எனக்கும் ரெண்டு பீஸ் தைச்சுக்கிடட்டுமா? மூணாவது பிள்ளை பொறந்ததுலருந்து இருமுனாலே நனைஞ்சு போவுது. வேலைக்கு வந்தா தண்ணியே குடிக்கிறதில்ல."

உலகில் நான் ஒருவன்தான் என்று அழுதேனே! என் அறைக்கு வெளியே அதே துயரம் தாகத்தோடு தைத்துக்கொண்டிருந்தது. "ஜெர்மனியும் இல்லீங்க, பையரும் இல்லீங்க அம்மிணி. எனக்குத்தான்" என்றேன். "தெரியும் மொதலாளி" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு இருவரும் மருத்துவர் அம்மையாரிடம் போனோம். தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றார். அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி தந்தார். முற்றும் நின்றதா? இல்லை. பாதிக்குமேல் குறைந்தது. மீதியைச் சாம்பிள் பார்த்துக்கொள்கிறது! அந்தத் துணிவில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இனி மாதத்தின் முதல் ஞாயிறு இதே மண்டபத்துக்கு வாருங்கள். அம்மையார் பார்ப்பார். பெண்களுக்குத் தனி அறை உண்டு. முத்துப்பேச்சி அளவெடுப்பார். என் கம்பெனியில் கழிவறைக்குப் போக எவரும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இருமலுக்கு மருந்து கேட்கிறோம். இடுப்புவலிக்குத் தைலம் கேட்கிறோம். இதற்கு மட்டும் ஏன் இருட்டைக் கேட்கிறோம்?

கேட்டிருந்த உங்கள் செவிகளுக்கும், இழந்த மேடையை எனக்குத் திருப்பித் தந்த இரு பெண்மணிகளுக்கும், கேள்வி கேட்ட என் சின்னாத்தாளுக்கும் நன்றி. வணக்கம்.

கைதட்டலைச் சீக்கிரம் முடியுங்கள், எனக்கு அவசரம். இன்று சோடா கவிழவில்லை, அன்பர்களே! சிறுநீர் கழிக்கப் போகிறேன். வலப்பக்கக் கதவு. வருகிறவர்கள் கூச்சப்படாமல் என்னோடு வாருங்கள்!