ஏழு இஸ்பேடு கேட்ட கைக்கு

கம்பி வழி வரும் கடகடப்பைக் காதாலேயே படித்த கனவானே! புயலடித்து ஊரே இருண்ட நாளிலும் புள்ளி பிசகாமல் செய்தி பிடித்த புண்ணியவானே! சீட்டைக் கையில் எடுத்தால் சிங்கமும், சம்சாரம் செருமினால் சாதுவுமாகிய எங்கள் தந்தி மாஸ்டர் ஜனாப் கிதர் முகம்மது அவர்களே! மலைக்கோட்டை வெயிலில் தங்களோடு காய்ந்து, தங்கள் கோபத்தில் வெந்து, தங்கள் சிரிப்பில் குளிர்ந்த நாங்கள் அனைவரும் எழுந்து நின்று ஸலாமும் வணக்கமும் சொல்கிறோம்.

இத்தகைய மடலில் ஓய்வு பெறுபவரைத் திங்கள் என்றும் தென்றல் என்றும் புகழ்வது வழக்கம். தங்களைத் தென்றல் என்றால் தங்கள் துணைவியார் மெஹராஜ் அம்மையாரே முன்வரிசையில் சிரித்துவிடுவார்கள். ஆகவே உள்ளதைச் சொல்கிறோம். புகையிலை மண்டி வைத்திருக்கும் தங்கள் மைத்துனர் ஒருநாள் கவுண்டருக்கு வந்து, "மச்சான், மெட்ராஸ் வெலை ஏறுதா எறங்குதா? வாயத் தொறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க" என்று கெஞ்சினார். "தலையும் சர்க்காருக்குத்தான் மாப்ள, வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். பிறருக்கு வரும் செய்தி காதோடு நிற்கவேண்டும் என்பதைத் தாங்கள் எங்களுக்கு உபதேசம் செய்ததே இல்லை. அன்று அந்த மைத்துனர் போன போக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

இனி, தங்களுக்கும் தங்கள் சீட்டுக் கூட்டாளி காத்தமுத்துவுக்கும் நேர்ந்ததைச் சொல்லப்போகிறோம். காத்தமுத்து தாடிக்கொம்பிலிருந்து சைக்கிள் மிதித்து வருபவர், அடுத்த மேசையில் அமர்ந்து தங்களோடு தந்தி அடித்தவர், தங்களைவிட நான்கே வயது இளையவர். அவர் மனதில் ஓடியதை அவரையே உட்காரவைத்துக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

சீட்டு என்றதும் முகம் சுளிக்கும் பெரியோர்களே, பொறுங்கள்! பிரிட்ஜ் என்பது காசு வைக்காத ஆட்டம். எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போட்டு ஒருவர் வெல்லும் சுற்று ஒரு பிடி, மொத்தம் பதின்மூன்று பிடி. ஆடுவதற்கு முன் இன்ன சீட்டைத் துருப்பாக வைத்து இத்தனை பிடி எடுப்போம் என்று முறை வைத்துக் கேட்கவேண்டும். முதல் ஆறு பிடி கணக்கில் வராது, அதற்கு மேல்தான் எண்ணிக்கை; ஆகவே ஆறு என்று கேட்டால் ஒரே ஒரு பிடியைத்தான் விட்டுக்கொடுக்கலாம். ஏழு என்று கேட்டால் அத்தனை பிடியும் எங்களுக்கே என்று சபையில் சத்தியம் செய்வது போல! கூட்டாளியோடு பேச அந்தக் கேள்விகள் மட்டுமே வழி. கண்ணடிக்கக் கூடாது, கனைக்கவும் கூடாது.

சென்ற ஆண்டுப் பொங்கலுக்கு நகர மனமகிழ் மன்றத்தில் கோப்பைக்கான இறுதி ஆட்டம். எதிர்க்கட்சியில் டாக்டர் இன்னாசியம்மாளும் வக்கீல் பெருமாள்சாமியும். டாக்டரம்மா சீட்டைப் பிடித்தால் நாடி பிடித்த மாதிரி, எதிராளி கையில் என்ன நோவு என்று சொல்லிவிடுவார்கள். தந்தி ஆபீஸ் முழுவதும் தங்கள் இருவர் நாற்காலிக்கும் பின்னால் நின்றோம். கடைசிக் கை. அன்றைய நிலவரத்துக்கு ஆறு போதாது, ஏழு கேட்டு ஏழும் எடுத்தால்தான் கோப்பை.

தங்களுக்கு வந்ததே ஒரு கை! இஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி என்று ஊர்வலம், டைமனில் ராஜா முதல் ஒரு வரிசை, ஆட்டினில் ஏஸும் ராஜாவும், கிளாவரில் ஒன்றுமே இல்லை. பலமான கைதான், ஆனால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். "இரண்டு இஸ்பேடு" என்றீர்கள். என் கை பெரியது, நான் நிறுத்தும்வரை நிறுத்தாதே என்று அதற்குப் பொருள். காத்தமுத்து "மூன்று இஸ்பேடு" என்று ஒத்துக்கொண்டார். உன்னிடம் எத்தனை ஏஸ் என்று முறைப்படி கேட்டீர்கள். ஒன்று என்று முறைப்படி விடை வந்தது.

அங்கேதான் சிக்கல்! அந்த ஒன்று எது? டைமன் ஏஸ் என்றால் ஏழும் கையில். கிளாவர் ஏஸ் என்றால், கிளாவரே இல்லாத தங்களுக்கு அது வந்தும் பயனில்லை. விடையில் எண்ணிக்கை உண்டு, எந்த ஏஸ் என்பது இல்லை. தாங்கள் யோசனையில் மூழ்கினீர்கள். மூழ்கியபோது தங்கள் வலது கை ஆட்காட்டி விரல், தன் போக்கில், தேக்கு மேசையின் மீது தந்தி அடிக்கத் தொடங்கியது!

ஐயா, வாழ்நாளெல்லாம் தந்தி அடித்த விரல் அது, தாளம் போடத் தெரியாது. நெஞ்சில் இருப்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தது: "கிளாவர் இல்லை, கிளாவர் இல்லை." பின்னால் நின்ற எங்கள் அத்தனை பேருக்கும் அது தெளிவாகக் கேட்டது. எதிரே இருந்த காத்தமுத்துவுக்கும் கேட்டது. தந்திக்கார மோர்ஸ் மொழி அறியாத டாக்டரம்மா, "என்ன மாஸ்டர், கச்சேரியா?" என்று மட்டும் கேட்டார்கள். தாங்கள் திடுக்கிட்டுக் கையை எடுத்தீர்கள். என்ன அடித்தோம் என்றுகூடத் தெரியாமல், வழி புலப்படாத ஏக்கத்தோடு "ஆறு இஸ்பேடு" என்றீர்கள்.

காத்தமுத்துவின் முறை. அவர் கையில் டைமன் ஏஸ் இருந்தது! கிளாவர் ஏஸ் அல்ல, டைமன் ஏஸ்! "ஏழு" என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை. சொல்லுடா, சொல்லுடா என்று மனதுக்குள் மன்றாடினோம். அவர் நாக்கின் நுனிவரை அந்த ஏழு வந்ததாம். பிறகு, புகையிலை மண்டிக்குத் தலையை ஆட்ட மறுத்த ஒருவரின் எதிரே உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்ததாம்.

"பாஸ்" என்றார்.

ஆட்டம் நடந்தது. பதின்மூன்று பிடியும் தங்களுக்கே விழுந்தது. கேட்டது ஆறுதானே! கோப்பை டாக்டரம்மா பக்கம் போனது. வெளியே வந்ததும் காத்தமுத்துவை நாங்கள் பிடித்துக்கொண்டோம். தட்டச்சர் சகாயராணி அழாத குறையாக, "அண்ணே, உங்க காது என்ன செவிடா? எங்க அம்புட்டுப் பேருக்கும் கேட்டுச்சே!" என்று பொரிந்தார்.

"கேட்டுச்சு தாயி" என்றார் காத்தமுத்து. "வெலாசம் இல்லாத தந்திய நான் எப்படி வாங்குறது?"

அப்போதுதான் தாங்கள், "எந்தத் தந்தி?" என்றீர்கள். தாங்கள் தங்கள் விரலைப் பார்த்தீர்கள், எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள், புரிந்துகொண்டீர்கள். நேரே உள்ளே போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, "இனி சீட்டைத் தொடமாட்டேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்று கோப்பை போனதில்கூடக் காத்தமுத்துவுக்கு வருத்தம் இல்லை. எதிர் நாற்காலி காலியாகிவிடுமே என்பதுதான் அவர் கவலை. அடுத்த ஆண்டோடு தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். இந்தத் தலைகுனிவோடு தாங்கள் போவதற்குத் தந்தி என்று உளறிய தன் வாய் அல்லவா காரணம் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

விடிந்ததும் வீட்டு வாசலில் போய் நின்றார். "நான் என்னையே நம்பலயே முத்து, உன்னய எப்படி எதுத்தாப்புல உக்கார வைக்கிறது?" என்றீர்கள். உள்ளிருந்து மெஹராஜ் அம்மையாரின் குரல் வந்தது. "வெரலு பேசுனா வெரலுக்கு மெத்தை போடுங்க. ஆட்டத்த எதுக்கு விடணும்? நாயித்துக்கெழம பூரா வீட்டுல உக்காந்து என் உசுரையா எடுக்கப் போறீங்க?" என்றவர்கள், அன்று மாலையே இலவம்பஞ்சு அடைத்து, உள்ளங்கை அகலத்தில் பச்சைத் துணியில் ஒரு திண்டு தைத்துக் கொடுத்தார்கள். அதன்மேல் கையை வைத்தால் விரல் என்ன அடித்தாலும் சத்தம் வராது. வாழ்க அம்மையாரின் ஊசி!

விரலுக்கு வழி பிறந்தது, வாய்க்கு? டீக்கடையில் இருவரும் தலையைச் சேர்த்து உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தீர்கள். பள்ளம் உள்ள கையோடு எத்தனை ஏஸ் என்று கேட்கக் கூடாது. எந்தச் சீட்டில் தனக்குப் பயமில்லை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே ஏறவேண்டும். இப்படித்தான் பேசப்போகிறோம் என்பதை டாக்டரம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஆனால் அப்படிப் பேச ஒரு கை வரவேண்டுமே! ஆண்டு முழுவதும் வரவே இல்லை.

வந்தது, இந்தப் பொங்கலுக்கு. அதே மன்றம், அதே இருவர், மறுபடியும் ஏழு கேட்டால்தான் கோப்பை என்ற நிலை. "இரண்டு இஸ்பேடு" என்றீர்கள். டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை, "மூன்று ஆட்டின்" என்று குறுக்கே விழுந்தார்கள். காத்தமுத்து "மூன்று இஸ்பேடு." வக்கீல் "நான்கு ஆட்டின்." தங்கள் கை திண்டின் மேல் இருந்தது. விரல் துடித்தது, சத்தம் இல்லை. அது துடிப்பதைக்கூடப் பார்த்துவிடக் கூடாது என்று காத்தமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐந்து ஆட்டின்" என்றீர்கள்.

ஐயோ! எதிரியின் சீட்டையா? சகாயராணி என் தோளை... மன்னிக்கவும், இதை எழுதுகிறவரின் தோளைப் பிடித்துக் கிள்ளிவிட்டார். காத்தமுத்து "பாஸ்" என்று சொல்லித் தொலைத்தால் ஆட்டினையே துருப்பாக வைத்து ஆடி மானம் கப்பலேற வேண்டியதுதான்! போன முறை எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது, அவர் வாய் திறக்கவில்லை. இந்த முறை எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, அவர் வாய் திறந்தாக வேண்டும்.

அந்த விரல் ஒரே ஒரு தட்டு தட்டாதா என்று அவருக்கும் சபலம் வந்ததாம், ஒளிக்காமல் சொன்னார். பிறகு நிதானித்தார். இஸ்பேடில் ஒத்துப்போன பிறகும் மாஸ்டர் ஆட்டினைத் தொடுகிறார் என்றால் அதை ஆடுவதற்கு அல்ல. ஆட்டினில் எனக்குப் பயமில்லை, உனக்கு எதில் பயமில்லை என்று கேட்கிறார். இது விலாசம் போட்டு எனக்கே வந்த தந்தி! அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஏஸ், கிளாவர் ஏஸ்.

"ஆறு கிளாவர்" என்றார்.

தாங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். "ஏழு இஸ்பேடு!"

டாக்டரம்மா ஆட்டின் ஏஸைக் கம்பீரமாக மேசையில் போட்டார்கள். தங்கள் கையில் ஆட்டினே இல்லை. சின்னத் துருப்பு ஒன்றை எடுத்து அந்த ஏஸை வெட்டினீர்கள்! இஸ்பேடு ஆறு, டைமன் ஐந்து, காத்தமுத்து ஆட்ட விதிப்படி மேசைமேல் விரித்துவைத்த கிளாவர் ஏஸ் ஒன்று, அதற்குத் துணையாகத் தங்கள் ராஜா ஒன்று, ஆகப் பதின்மூன்று! மன்றத்தின் ஓடு பறக்கும்படி கத்தினோம். "போன தடவை வெரலு சொன்னத இந்தத் தடவை வாயி சொல்லிருச்சே மாஸ்டர்!" என்று முதலில் எழுந்து கைகொடுத்தவர்கள் டாக்டரம்மாதான். தாங்கள் கோப்பையை வாங்கவில்லை. "முத்து கையில குடுங்க, எனக்குக் கண்ணு தெரியல" என்றீர்கள். எங்களுக்கும்தான் தெரியவில்லை.

ஆண்டகையே! இனித் தங்கள் நாட்கள் நோயின்றி நீளட்டும். பேரர் பெயர்த்தியர் தங்கள் மடியில் சண்டையிடட்டும். தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு கையிலும் ஏஸ் விழட்டும், அம்மையாரின் பொறுமை அதற்கு ஈடு கொடுக்கட்டும். நாளை முதல் தங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவர் நல்லவராகவே இருப்பார், இருந்தும் எங்களுக்குக் கொஞ்ச நாள் அவரைப் பிடிக்காது.

கடைசியாக ஒன்று. ஏற்புரை என்று எழுந்தால் தங்களுக்கு வார்த்தை வராது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஆபீஸில் தாங்கள் தந்தி அடித்த பழைய தேக்கு மேசையையே மேடைக்குத் தூக்கிவந்திருக்கிறோம். பச்சைத் திண்டைக் காத்தமுத்து எடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுவிட்டார். தாங்கள் பேசவேண்டாம் ஐயா, விரலை மேசைமேல் வையுங்கள், அது என்ன சொல்ல நினைக்கிறதோ சொல்லட்டும். இன்று அந்தத் தந்திக்கு விலாசம் உண்டு. நாங்கள்தான்.

தங்கள் விரலுக்குக் காது கொடுத்து நிற்கும்
தந்தி நிலைய ஊழியர்கள்,
திண்டுக்கல்,
ஏப்ரல் 1964