சிவப்புக் கட்டம்

உங்கள் கணினியில் இன்னும் பழைய பதிப்புதான் ஓடுகிறது, சார். உள்ளே வந்ததுமே கவனித்தேன். என் வாக்குமூலத்தை அடிக்கிற அந்தத் தம்பி ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து கொண்டிருக்கிறார். ஒரு மேக்ரோ எழுதி ஒரு விசையில் கோத்துவிட்டால், ஒரு தட்டில் முடிகிற வேலை.

மேக்ரோ என்றால் பெரிய மந்திரமில்லை. நாம் கையால் செய்கிற வேலைகளை வரிசையாக எழுதி வைக்கிற ஒரு சின்னக் குறிப்பு. எழுதினால் மட்டும் போதாது, அது எப்போது ஓட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஒரு விசையில் கோக்கலாம், ஒரு பொத்தானில் கோக்கலாம். கோப்பு திறக்கும்போது, மூடும்போது, சேமிக்கும்போது என்று நிகழ்வுகளிலும் கோக்கலாம். நான் எழுதியதைச் 'சேமிக்கும்போது' என்பதில் கோத்திருந்தேன்.

எங்கள் மருத்துவமனையில் டாக்டர்கள் கிறுக்கித் தருவதை மருந்துத் தாளாக அடித்து வார்டுக்கு அனுப்புவதுதான் எங்கள் பிரிவின் வேலை. நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்பது சேர்க்கும்போதே பதிவாகிவிடும். ஆனால் அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? என் மேக்ரோ பார்த்தது. தாளைச் சேமித்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, ஆகாத மருந்து இருந்தால் தாளின் தலையில் சிவப்புக் கட்டம் போட்டுவிடும். பதினாறு மாதம் உழைத்தேன். என் மனைவி, "அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று அலுத்துக்கொள்வாள்.

இரண்டு வருடம் அது ஒரு நாள்கூடச் சொதப்பவில்லை. அதனால் ஒரு பழக்கம் வந்தது. நர்சுகள் தாளின் தலையை மட்டும் பார்ப்பார்கள். சிவப்பு இருந்தால் டாக்டருக்குப் போன் போடுவார்கள், இல்லையென்றால் ஊசியை எடுத்துவிடுவார்கள். ஆகாத மருந்துப் பட்டியலைப் புரட்டுகிற வழக்கமே நின்றுபோனது. இதை நான் வேறு யாரையும்விட நன்றாக அறிவேன்.

எங்கள் பிரிவுத் தலைவியைப் பெரியக்கா என்போம். வயதில் என்னைவிட நான்கு வருடம் சின்னவர், பதவியில் பெரியவர், அதனால் பெரியக்கா. ஆண்டு விழாவில் சிவப்புக் கட்டத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் மேடையேறி வாங்கிக்கொண்டார். பிரிவுக்காக வாங்குகிறார் என்று நானும் கைதட்டினேன். மறுநாள் மேக்ரோவைத் திறந்தேன். முதல் வரியில், எழுதியவர் என்ற இடத்தில், என் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டிருந்தார். உள்ளே ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. முதல் வரி மட்டும் புரிந்திருக்கிறது.

போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"உனக்குக் கட்டம் கட்டத் தெரியும். நாலு பேர் முன்னாடி நின்னு பேசத் தெரியுமா? எல்லாம் நம்ம பிரிவுக்குத்தானே, விடுப்பா" என்றார். தோளில் வேறு தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் என் மேசையை அச்சுப்பொறிக்குப் பக்கத்தில் போட்டார்கள். எல்லாருடைய தாளையும் கடைசியாக ஒருமுறை பார்த்து அச்சடித்துக் கொடுப்பது என் வேலையானது.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. சோறு இறங்கவில்லை, சார். அந்தக் கேடயம் அவர் மேசையில் பேனா வைக்கிற இடத்தில் நிற்கும். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். கோபம் வராது என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

ஆனாலும் நான் நிதானமானவன். எதையும் அழிக்கவில்லை, ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நீங்கள் இப்போது போய்ப் பார்த்தாலும் மேக்ரோ முழுசாக இருக்கும். பெரியக்காவின் கணினியில் மட்டும், நிகழ்வுகள் பட்டியலைத் திறந்து, 'சேமிக்கும்போது' என்பதிலிருந்து அதைக் கழற்றிவிட்டேன். சட்டையிலிருந்து ஒரு பொத்தானைக் கழற்றுவது போலத்தான். அரை நிமிடம் ஆகியிருக்காது. இனி அவர் அடிக்கிற தாளில் சிவப்பு வராது. என்றாவது ஏதாவது ஆகும், உள்ளே திறந்து பார்ப்பார்கள், முதல் வரியில் அவர் பெயர் இருக்கும். கேடயம் வாங்கியவர் பதிலும் சொல்லட்டும். இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பதினோராவது நாள் அந்தத் தையல்காரப் பெண்மணியைச் சேர்த்தார்கள். காலில் ஆணி குத்தி வீங்கியிருந்தது. பதிவு மேசையில் ஆள் இல்லாததால் நான்தான் எழுதிக்கொண்டேன். கூட வந்த தங்கை ஒரு பழைய மருந்துச் சீட்டில் ஊசியின் பெயரைக் காட்டிச் சொன்னார்: "அக்காவுக்கு இந்த ஊசி ஆகாதுங்க. ஒரு தடவை போட்டு மூச்சே நின்னுபோச்சு. மறக்காம எழுதிக்குங்க, அண்ணா."

"எழுதிட்டேம்மா. பயப்படாதீங்க" என்றேன். எழுதியும் இருந்தேன். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மதியம் டாக்டர் அதே ஊசியை எழுதினார். பெரியக்கா அடித்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு ஊசி போட்டார்கள். நான்கரைக்கு வார்டிலிருந்து அந்தத் தங்கையின் குரல் கேட்டது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பெண்மணி இறந்தது பற்றி மருத்துவமனை வைத்த விசாரணைக் கூட்டத்தில் பெரியக்காவிடம், இந்த மேக்ரோ ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள். அவருக்கு நிகழ்வு என்றால் என்னவென்றே சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "சத்தியமா இத நான் எழுதலைங்க. எழுதினது அவருதான். நான் பேர மட்டுந்தான் மாத்தினேன்" என்று என்னைக் கை காட்டி அழுதார். டாக்டர்கள், நிர்வாகிகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேடயம் வாங்கிய நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. எழுந்து நின்று, "ஆமாம், நான்தான் எழுதினேன்" என்றேன். அப்புறம், அது எப்படி ஓடும், எங்கே கோக்க வேண்டும், எப்படிக் கழற்றலாம் என்று எல்லாம் விளக்கினேன். நன்றாகத்தான் பேசினேன். நாலு பேர் முன்னாடி எனக்கும் பேசத் தெரியும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தத் தாள் அச்சுக்கு முன் என் கைக்கு வந்ததா? வந்தது. திரையில் திறந்து பார்த்தேனா? பார்த்தேன், சார், இரண்டு முறை. ஊசியின் பெயரையும் படித்தேன், காலையில் நானே எழுதிய வரியும் நினைவிருந்தது. மேலே வெள்ளையாக இருந்தது. அந்தப் பெண்மணியின் பெயரில் மட்டும் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. அதைப் போட்டேன், அச்சடித்து வார்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்தவர் வேலையில் ஒரு பிழையைக் கண்டுவிட்டால், சார், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.